அக்டோபர் மழையும் ஐந்தரை மணியும் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவள் நான். இது இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஓர் ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிறேன். வீடு தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில். மார்ச்சிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். பெரிய ரோட்டில் போனால் ஏழு கிலோமீட்டர், செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் புகுந்தால் நாலரை. காலை எட்டரைக்கு வேலை, மாலை ஐந்தரைக்கு முடியும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து வாரத்தில் பாதி நாள் நனைந்துதான் வீடு வந்து சேர்கிறேன். தம்பி இங்கிலாந்தில், லீட்ஸில் படிக்கிறான். அவனும் சைக்கிள்தான். இலையுதிர்காலத்தில் சைக்கிள் ஓட்ட அங்கே சொல்கிற குறிப்புகளை எல்லாம் அனுப்பினான். ஈர இலை, கையுறை, சீக்கிரமே இருட்டுவது என்று ஒரே குளிர்நாட்டு விஷயம். நமக்கு இதில் எது பொருந்தும்? ஆபீசில் "மோட்டார் சைக்கிள் வாங்கக் காசில்லையா" என்கிறார்கள். அம்மா, பொங்கல் வரை சைக்கிளை ஓரமாக நிறுத்து என்கிறார். நிறுத்திவிடவா? காட்டு வழி நல்லதா, பெரிய ரோடு நல்லதா, அதையும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். காலையில் வழக்கம்போல் போங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியதெல்லாம் மாலை ஐந்தரை மணிக்குத்தான்.

தம்பி அனுப்பிய குறிப்புகளில் தப்பே இல்லை, அவர் ஊருக்கு. அங்கே செப்டம்பரில் தொடங்கி நாளுக்கு நாள் குளிர் ஏறும், பகல் சுருங்கும். உதிர்ந்த இலை மழையில் ஊறி ரோட்டுக் குழியை மூடிக்கொள்ளும். அதன்மேல் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். வேலைக்குப் போகிற நேரத்தில் சூரியன் தாழ்வாக நின்று கார்க்காரர் கண்ணில் அடிக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நேற்று வரை ஐந்தரை தாண்டியும் இருந்த வெளிச்சம் மறுநாள் நாலரை தாண்டியதும் போய்விடும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு போட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். அங்கே மழை காலை, மாலை என்று நேரம் பார்த்து வருவதில்லை. அதனால் உடுப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டால் முக்கால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நமக்கு ஒரே நாளிலேயே இரண்டு வானிலை. அக்டோபர் இரண்டு பருவக்காற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதம். தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று இன்னும் பிடித்திருக்காது. அடித்துப் போகக் காற்றில்லாததால் காலை வெயிலில் தரை நன்றாகச் சூடேறும். மதியத்துக்குமேல் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். கிழக்கே தித்திவங்சா மலை. சூடும் ஈரமும் சேர்ந்து மேலே கிளம்பி, மூன்று நாலு மணிக்குள் மலைப்பக்கம் கறுத்துவிடும். ஐந்து மணிக்குப் பட்டணத்தில் இடி. காலையில் துணி காயப்போட்ட அதே ஊர்தான். உங்கள் ஆபீசோ மழை உச்சத்தில் இருக்கும்போது கதவைத் திறந்து உங்களை வெளியே விடுகிறது.

மே முதல் செப்டம்பர் வரை நிலைமை கொஞ்சம் வேறு. சில நாள் விடியலுக்கு முன்பே சுமத்ராப் பக்கமிருந்து வரிசையாகக் காற்றும் மழையும் வரும். அதை நம் ஊர்க்காரர்கள் 'சுமத்ரா' என்றே சொல்லிவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற குடும்பங்களுக்கு அந்த மழைதான் எதிரி. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும், பால் பிடிக்கிற மங்கில் விழுந்தது மழைத்தண்ணீராக இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டமும் குறைந்துவிடும் என்பதால் நேரத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் இருட்டோடு நின்று வானத்தைப் பார்த்து, இன்றைக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறையில் பலர் சைக்கிளில்தான் வெட்டுக்காட்டுக்குப் போனார்கள். உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். ஒருவேளை அந்த நினைப்பில்தான் சைக்கிள் வேண்டாம் என்கிறாரோ என்னவோ.

இருட்டு விஷயத்தில் நாம் இங்கிலாந்துக்கு நேர்மாறு. நம் ஊரில் பகலின் நீளம் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சூரியன் உதிக்கிற நேரம் முன்பின்னாக நகரும். பிப்ரவரியில் ஏழரைக்கு உதிக்கிற சூரியன் நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்கே வந்துவிடும். ஆகவே இந்த மாதங்களில்தான் உங்களுக்குக் காலை வெளிச்சம் அதிகம். இதற்கு ஈடாகச் சாயங்காலம் அரைமணி குறையும். பிப்ரவரியில் ஏழரை வரை இருக்கிற சூரியன் நவம்பரில் ஏழுக்கு முன்பே இறங்கிவிடும், பிறகு இருபது நிமிடத்தில் கும்மிருட்டு. மழை விடட்டும் என்று ஆறரை வரை காத்திருந்து கிளம்பினால் வீடு சேருமுன் இருட்டத் தொடங்கிவிடும். தம்பியின் குறிப்பில் இங்கே அப்படியே செல்லுபடியாவது விளக்கு ஒன்றுதான். பின்பக்கச் சிவப்பு விளக்கு முதலில். மழை பெய்யும்போது ஐந்தரைக்கே போட்டுவிடுங்கள், லோரிக்காரர் கண்ணாடியில் வைப்பர் ஓடும்போது சைக்கிள் தெரிவதே பெரிய விஷயம்.

இலையைப் பற்றிக் கேட்டீர்கள். நமக்கும் இலையுதிர்வு உண்டு, மாதம்தான் வேறு. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்டார்களே, அந்தப் பிரேசில் ரப்பர் மரம் காய்ந்த மாதங்களில், பிப்ரவரி மார்ச்சில், இலையைச் சிவக்கவைத்து உதிர்க்கும். வெட்டுக்காரர்களுக்குப் பால் குறைந்து கை வறளும் காலம் அது. ஆனால் அப்போது உதிர்வது காய்ந்த இலை, சைக்கிளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கீழே விழுகிறதில் ஆளைத் தள்ளக்கூடியது கித்தாக் கொட்டை, ரப்பர் விதைதான். ஆகஸ்ட், செப்டம்பரில் காய் வெடித்துத் தெறிக்கும். அதன்மேல் முன்சக்கரம் ஏறினால் கோலிக்குண்டின்மேல் ஏறிய மாதிரி. இப்போது கித்தாக் காடு அருகிவிட்டது, அந்தத் தொல்லையும் அருகிவிட்டது. செம்பனையோ இலை உதிர்க்காது. அது லோரியிலிருந்து பழத்தை உதிர்க்கும். மில்லுக்குத் திரும்புகிற வளைவுகளில் நசுங்கிய பழத்தின் எண்ணெய் ரோட்டில் ஊறிக் கிடக்கும். நாலைந்து நாள் மழையில்லாமல் இருந்து முதல் தூறல் விழுந்தால், அந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதக்கும். அரைமணி கொட்டிக் கழுவிய ரோட்டைவிட அந்த முதல் பத்து நிமிட ரோடு மோசம்.

மழைக்கோட்டு வாங்குவது பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். குளிர்நாட்டில் அது உடம்புச் சூட்டைக் காக்கும். இங்கே அதற்குள் வேர்த்து ஊற்றும். வெளியே நனையாமல் உள்ளே நனைவதில் என்ன லாபம்? போன்சோ என்று கடையில் தொங்குவது இன்னும் மோசம், காற்றில் பறந்து சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மாற்று உடுப்பும் துண்டும் ஆபீஸ் மேசையில் கிடக்கட்டும். கைப்பேசியையும் ஆபீஸ் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்ட் போடுங்கள், முதுகில் சேறு கோலம் போடாது. உங்களுடையது இரும்பு ரிம் போட்ட பழைய ராலி வகை சைக்கிளாக இருந்தால் மழையில் பிரேக்கை நம்பவே நம்பாதீர்கள். நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை பிடிக்க வெகுதூரம் ஆகும். செயினை நனைந்த அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள், மறுநாளைக்கென்று விட்டால் துரு வந்துவிடும்.

நனைவதால் யாரும் கரைந்துபோவதில்லை. ஆனால் இடிக்குப் பயப்படத்தான் வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது விநாடிகூட இல்லையென்றால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போது சைக்கிள் மேல் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி போனபிறகு கிளம்புங்கள். டயர் ரப்பர்தானே, மின்னல் ஏறாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மரத்தடி ஆகாது. கூரை மட்டும் உள்ள பஸ் நிறுத்தமும் போதாது. நாலு சுவர் உள்ள கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார்.

ஆகவே சாயங்காலத்துக்கு என் யோசனை இது. நாலரைக்கு மலைப்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், கைப்பேசியில் வானிலைத் துறையின் இடிமழை எச்சரிக்கையையும் பாருங்கள். கறுத்திருந்தால் அவசரப்பட்டு ஐந்தரைக்குப் பாய வேண்டாம். இந்த மழை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். கோப்பிக் கடையில் ஒரு தே தாரேக் குடித்து முடியுங்கள். விடவே இல்லையா, சைக்கிளை ஆபீசிலேயே பூட்டிவிட்டு யாருடனாவது காரில் வீட்டுக்குப் போங்கள், மறுநாள் காலையும் அவரோடே வாருங்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் தினமும் சைக்கிளில்தான் திரும்ப வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. முடிந்தால் முதலாளியிடம் கேளுங்கள்: இந்த இரண்டு மாதம் ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போகலாமா என்று. காலையில்தான் வெளிச்சம் இருக்கிறதே. அதுவும் எல்லா நாளும் காப்பாற்றாது, ஆனால் ஐந்தரையைவிட நாலரைக்கு வாய்ப்பு அதிகம்.

புகைமூட்டம் வந்தால் மட்டும் சைக்கிளை நிஜமாகவே நிறுத்துங்கள். 2015இலும் 2019இலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள், நினைவிருக்கும். ஐபியூ என்கிற காற்று மாசுக் குறியீடு நூறைத் தாண்டினால் 'ஆரோக்கியமற்றது' என்று அர்த்தம். மிதிக்கும்போது நாம் இழுக்கிற மூச்சு சும்மா நிற்பவரைவிடப் பல மடங்கு. அக்டோபர் மழை அந்தப் புகையைக் கழுவிவிடும் என்பதையும் அம்மாவிடம் மழையின் பக்கமாகச் சொல்லி வையுங்கள்.

மோட்டார் கேலிக்கு என்ன பதில் சொல்வது? தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குச் சைக்கிள் என்றால் விட்டுவந்த வறுமை ஞாபகம் வரும், அவர்களைக் கோபிக்க முடியாது. இப்போது நம் தோட்டங்களில் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள். எந்தத் திருப்பத்தில் தண்ணீர் நிற்கும், எந்தப் பாலத்தில் பலகை வழுக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. ஆபீஸ் நண்பர்களைவிட அவர்களில் ஒருவரிடம் வழி கேட்பது நல்லது.

வழி பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காலையில், முந்தைய இரவு மழை இல்லையென்றால், காட்டு வழியே போங்கள். நிழல் உண்டு, ஈப்போ லோரிகள் கிடையாது. இரவு பெய்திருந்தால் செம்மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரம் சுற்றாது, பெரிய ரோடுதான். சாயங்காலம் இந்த இரண்டு மாதமும் காட்டுப்பக்கம் தலைவைக்க வேண்டாம். செம்பனையில் இடி விழுந்தால் ஒரு மரத்தோடு நிற்பதில்லை, சுற்றியிருப்பவையும் சேர்ந்து பட்டுப்போகும். ஒதுங்க ஒரு கட்டடமும் அங்கே இல்லை. பெரிய ரோட்டில் ஒதுங்கக் கடைகளாவது இருக்கும். அந்த இரண்டரை கிலோமீட்டர் அதிகம்தான், அந்த இரண்டு மாதமும் மிதித்துவிடுங்கள்.