புற்றுநோய்க்கு கீமோ (மருந்து சிகிச்சை) எடுக்கும் 6 வயது மகனுக்கு வாய்ப்புண்; சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறான். வீட்டில் என்ன சமைப்பது?

வாய் ஆறும்வரை புளி, காரம், முறுகலானது எதுவும் வேண்டாம். குழைந்த பருப்பு சாதத்தில் நெய், கோழி சேர்த்த கஞ்சி, இட்லியைப் பாலில் ஊறவைத்து என்று கொடுங்கள். சூடாக இருந்தால் வாசனை தூக்கும், குமட்டும். ஆறவைத்துக் கொடுத்தால் பல பிள்ளைகள் சாப்பிடுவார்கள். உலோகச் சுவை அடிப்பதாகச் சொன்னால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி. மூன்று வேளைக் கணக்கை மறந்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக.

சுத்தம்தான் முக்கியம். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறையும் நாட்களில் அரைவேக்காட்டு முட்டை (ஆமாம், காயா டோஸ்ட்டுடன் வருவதும்தான்), சஷிமி (பச்சை மீன்), வெட்டி வைத்து விற்கும் பழம் கூடாது. நம் சிங்கப்பூர் வெப்பத்தில் சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மீண்டும் சூடாக்கினால் நடுப்பகுதியும் 75 டிகிரியைத் தொட வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் பசி தலைகீழ். நடுராத்திரியில் மீ கோரெங் கேட்பான். வாய் ஆறியிருந்தால் கொடுங்கள், உப்பை மட்டும் குறையுங்கள்.

பாட்டி சொல்லும் கஷாயம், மூலிகைப் பொடி? மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். சில, மருந்தின் வேலையைக் கெடுக்கும். வீட்டுத் தயிரைப் பற்றியும் கேளுங்கள். எடை இறங்கினால் மருத்துவமனை உணவியல் நிபுணரை உடனே பாருங்கள். பராமரிப்பவருக்கு ஆதரவு தேவைப்பட்டால் சிறுவர் புற்றுநோய் அறநிறுவனம் இருக்கிறது.