வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்பேம் மோசடியைப் பிடிக்க ஏன் பல நாடுகள் சேர வேண்டும்?

'இன்றிரவு கரண்ட் கட்' என்று காட்பாடியில் ஒருவருக்கு ஸ்பேம், அதாவது கேட்காமலே வரும் மோசடிச் செய்தி, வருகிறது. அனுப்பியவன் ஒரு நாட்டில், சர்வர் வேறொரு நாட்டில். அந்தச் சர்வரில் இருக்கும் தடயத்தை அழியாமல் காத்து, கேட்ட நாட்டுக்குக் கொடுப்பதுதான் சர்வதேச ஒத்துழைப்பு.

காரணம், போலீஸின் அதிகாரம் எல்லையோடு சரி. திருடன் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிச் சித்தூர் பக்கம் போய்விட்டால், வேலூர் போலீஸ் அந்த ஊர் ஸ்டேஷன் உதவியோடுதானே பிடிக்கும்? அங்கேயாவது ஒரே நாட்டுச் சட்டம். நாடு விட்டு நாடு என்றால் கடிதம் போய்வரவே மாதக்கணக்காகும், அதற்குள் சர்வர் பதிவுகள் அழிந்துவிடலாம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஓட்டை. இதை அடைக்கத்தான் 2001-ல் சைபர் குற்றங்களுக்கான புடாபெஸ்ட் உடன்படிக்கை வந்தது, 2024-ல் ஐ.நா.வும் ஒன்றை ஏற்றது.

அப்புறம், 'வெளிநாட்டுக்காரன், புகார் கொடுத்து என்ன பயன்' என்று விட்டுவிடாதீர்கள்: பணம் பல நேரம் முதலில் இந்திய வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது, உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தால் அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு.