மெர்க்குரஸ் நைட்ரைட் என்றால் என்ன? வேதியியலாளர் பி. சி. ராய் பெயரோடு அதை ஏன் சேர்த்துச் சொல்கிறார்கள்?

பாதரசமும் நைட்ரைட்டும் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பகுதி) சேர்ந்த உப்பு இது. 1896இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தேவைக்கு மேல் பாதரசத்தைப் போட்டு வைத்திருந்தார் ராய். அடியில் மஞ்சள் படிகங்கள் தங்கின. அவற்றைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்ததுதான் இந்தச் சேர்மம்.

வியப்புக்குக் காரணம் இருக்கிறது. இதில் சேரும் இரண்டு பகுதிகளுமே எளிதில் சிதையக்கூடியவை. தனியே நிற்காத இரண்டு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தால் நிற்குமே, அப்படித்தான்.

ஆனால் எனக்கு அவருடைய வகுப்பறைதான் பெரிதாகத் தெரிகிறது. எலும்பைச் சுட்ட சாம்பலை மாணவர்கள் முன் வாயில் போட்டுக் காட்டுவாராம். எரிந்தபின் அது வெறும் கால்சியம் பாஸ்பேட் என்று புரியவைக்க! திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பிறகு, 1921 முதல், தன் சம்பளத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். அறிவியல் கல்லூரியின் ஓர் எளிய அறையிலேயே வாழ்ந்து, 1944இல் மறைந்தார். இயற்பியலாளர்கள் மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும் அவரிடம் படித்தவர்கள்.

பலர் இதை மெர்க்குரஸ் நைட்ரேட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். நைட்ரேட் முன்பே அறியப்பட்டது, ராய் கண்டது நைட்ரைட்.