விமானத்தை யாரோடு சேர்ந்து செய்வது?

வணக்கம் ஐயா,

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அண்மையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இனி புதுப் பொருளை வாடிக்கையாளரோடு சேர்ந்துதான் உருவாக்க வேண்டும், பாகங்களை உலகில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நிஜத்தில் யாராவது இப்படிச் செய்து ஜெயித்திருக்கிறார்களா?

கா., ஓசூர்

அன்புள்ள கா.,

போயிங் இரண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. ஒன்றில் ஜெயித்தது, மற்றதில் நன்றாகச் சூடுபட்டது.

முதலில் தங்களுடைய 767 என்ற விமானத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விற்கலாம் என்றுதான் நினைத்தார்கள். விமான நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை. 1990-இல் யுனைடெட், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் உள்பட எட்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். அகலமான, புத்தம்புது 777 அப்படிப் பிறந்ததுதான். பேச வந்தவர்களில் பராமரிப்பு ஆட்களும் இருந்தார்கள் என்பதை முக்கியமாகச் சொல்வேன். இறக்கையில் எரிபொருள் நிரப்பும் இடம் தங்கள் எரிபொருள் வண்டிக்கு எட்டாது என்று யுனைடெட் தரப்பு சொன்னது. கொள்முதல் அதிகாரிக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது? வடிவமைப்பு கம்ப்யூட்டரில் இருக்கும்போதே மாற்றிவிட்டார்கள். 1995 ஜூனில் யுனைடெட் அதில் பயணிகளை ஏற்றியது.

அதற்காகக் கேட்டதையெல்லாம் செய்துவிடவும் கூடாது. விமான நிலையத்தில் இடம் போதாது என்று இறக்கை நுனியை மடக்கும் வசதியையும் 777-க்கு வடிவமைத்தார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை!

அப்புறம் வந்தது 787 விமானம். இதில் தயாரிப்போடு சேர்த்து ஒவ்வொரு பாகத்தின் நுணுக்கமான வடிவமைப்பையும் பெருமளவுக்கு வெளியே கொடுத்தார்கள். இறக்கை ஜப்பானில் மிட்சுபிஷிக்கு, உடலின் நடுப்பகுதி இத்தாலியில் அலேனியாவுக்கு, பின்பகுதி அமெரிக்காவிலேயே வாட் என்ற கம்பெனிக்கு. அவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். யார் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்பது போயிங்குக்கே சரியாகத் தெரியவில்லை. 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்துக் காட்டிய விமானம் உள்ளே பெரும்பாலும் காலி. பாகங்களைப் பிணைக்கும் முறையான ஃபாஸ்டனர்கள் வந்து சேராததால் தற்காலிகமானவற்றைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 2008 மே மாதம் கொடுப்பதாகச் சொன்ன முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனத்துக்குப் போனது. இதற்கு நடுவே, 2009-இல், வாட்டின் 787 தொழிற்சாலையைப் போயிங்கே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹார்ட்-ஸ்மித் என்ற போயிங் பொறியாளரே 2001-இல் எழுதி எச்சரித்திருந்தார். சப்ளையர் இடத்துக்கே போய்த் தொழில்நுட்ப உதவி செய்யாவிட்டால், அவர்களில் மிக மோசமானவரின் தரத்தைத் தாண்டி நம்மால் போக முடியாது என்பது அவர் வாதம்.

777-இலும் ஜப்பான் கம்பெனிகள் இருந்தன. ஆனால் அவர்களுடைய பொறியாளர்கள் வாஷிங்டன் மாநிலத்துக்கே வந்து போயிங் ஆட்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

அடுத்த வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பேச வரப்போவது கொள்முதல் மேனேஜரா, அசெம்பிளி லைனில் உங்கள் பாகத்தைப் பொருத்துகிறவரா? சப்ளையர் பட்டறையில் போய் ஒரு மாதம் உட்கார உங்கள் கம்பெனி யாரை அனுப்பும்?