நன்றாக ஆடும் சீனியரை விலக்கிவிட்டு ரூக்கிகளை வைத்துக்கொள்வது முட்டாள்தனம் இல்லையா?

கேள்வி இதுதான்: பத்து வருடம் ஆடிய வீரரை ஆகஸ்ட் கடைசியில் கழற்றிவிட்டு, இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத ரூக்கிகளை, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் ஒரு அணி வைத்துக்கொள்கிறது. நேற்று வரை டிவியில் பார்த்த ஆளைவிடவா இந்தப் பையன்கள் நன்றாக ஆடிவிடப் போகிறார்கள்?

மாட்டார்கள். அது பயிற்சியாளருக்கும் தெரியும், பெரும்பாலும் தெரிந்தேதான் விலக்குகிறார். இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் எனக்கும் இதே கோபம் வந்திருக்கிறது. விதிகளைப் படித்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கோடையில் ஒரு அணி 90 பேர் வரை வைத்திருக்கலாம். சீசன் தொடங்குமுன் அது 53 ஆகக் குறைய வேண்டும். 32 அணிகளும் ஒரே நேரத்தில் குறைப்பதால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழக்கிறார்கள். அறைக்கு வந்து “கோச் கூப்பிடுகிறார், பிளேபுக்கை (ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ஏடு) எடுத்துக்கொண்டு வா” என்று சொல்லும் ஊழியருக்கு வீரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘தி டர்க்’. (இப்போது பிளேபுக் டேப்லெட்டுக்குப் போய்விட்டது. அந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை.)

பலர் கவனிக்காத விதி ஒன்று இங்கே இருக்கிறது. நான்கு சீசன் முடிக்காத வீரரை விலக்கினால் அவர் நேராக வெளியே போய்விட முடியாது. வேவர் பட்டியலுக்குப் போவார். போன வருடம் மோசமாக ஆடிய அணியிலிருந்து தொடங்கி, வரிசைப்படி எந்த அணி வேண்டுமானாலும் அவரை அதே ஒப்பந்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால்தான் பழைய அணி அவரை பிராக்டிஸ் ஸ்குவாடில் (53 பேருக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் குழு) சேர்க்க முடியும். நான்கு சீசன் முடித்த சீனியருக்கு ஆகஸ்டில் இந்தத் தொல்லை கிடையாது. விலக்கிய நிமிடத்திலிருந்து அவர் சுதந்திர ஆள். பிடித்த அணியோடு பேசலாம், பழைய அணிக்கே திரும்பியும் வரலாம்.

இப்போது மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே ஒரு இடம் மிச்சம். டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்காவது சுற்றில் எடுத்த பையனை விட்டால், மறுநாளே வேறு அணி தூக்கிக்கொண்டு போய்விடும். நான்கு வருட மலிவு ஒப்பந்தமும் சேர்ந்து போகும். 32 வயது சீனியரை விட்டால், ‘ஒரு வாரம் பொறுங்கள், கூப்பிடுகிறோம்’ என்று சொல்லி அனுப்பலாம். அவருக்காக அடித்துப் பிடித்துக்கொண்டு வர யாரும் தயாராக இல்லை என்றால், அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எந்தப் பையனையாவது காயப் பட்டியலுக்கு அனுப்பி இடத்தைக் காலி செய்து, இரண்டே நாளில் சீனியரைத் திரும்பச் சேர்ப்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. ஆக, 53 பேர் பட்டியலில் யார் இருக்கிறார் என்பதை வைத்து யார் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லிவிட முடியாது. யாரை இழந்தால் திரும்பப் பெற முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது.

சம்பளமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. முதல் வார ஆட்டத்தில் பட்டியலில் இருக்கும் சீனியர், பிறகு நடுவில் விலக்கப்பட்டாலும் அந்த சீசனின் மீதிச் சம்பளத்தைக் கேட்டு வாங்க முடியும். அதனால்தான் சில அணிகள் முதல் வாரம் முடியட்டும் என்று காத்திருந்து இரண்டாவது வாரத்தில் கூப்பிடுகின்றன. கொஞ்சம் அற்பத்தனம்தான்.

‘ரூக்கி மலிவு, அதனால்தான்’ என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மை. 2024-ல் ரூக்கியின் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர், ஏழு வருடம் ஆடியவருக்கு 12,10,000. ஆனால் அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருடத்துக்குச் சேர்ந்த சீனியர், சேலரி கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு) கணக்கில் 9,85,000 டாலராக மட்டுமே ஏறினார். சீனியர்களின் வேலை போகக்கூடாது என்றே வைத்த சலுகை இது. கேப் 25 கோடி டாலரைத் தாண்டிவிட்ட வருடத்தில் ஒன்றே முக்கால் லட்சமோ இரண்டு லட்சமோ யாருக்குப் பெரிது?

அடி விழுவது நடுவில் இருப்பவர்களுக்கு. வருடத்துக்கு ஐம்பது, அறுபது லட்சம் டாலர் வாங்கும், நட்சத்திரமாக இல்லாத சீனியர்களைச் சொல்கிறேன். லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு முன்பு ரூக்கிகளே பெரும் பணம் வாங்கினார்கள். 2010 டிராஃப்டில் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த வருடம் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2.2 கோடி. ரூக்கி சம்பளத்துக்கு வரம்பு வந்தால் மிச்சப் பணம் சீனியர்களுக்குப் போகும் என்றுதான் பேச்சு. நட்சத்திரங்களுக்குப் போனது. நடுவில் இருந்தவர்களின் வேலையைச் செய்ய மலிவான பையன்கள் வந்துவிட்டார்கள்.

அதே நியூட்டனை 2021 ஆகஸ்ட் 31 அன்று பேட்ரியட்ஸ் அணி விலக்கியது. 2015-ன் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) அவர். அவருடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இடம் 15-வது தேர்வான ரூக்கி மேக் ஜோன்ஸுக்குப் போனது. முந்தைய சீசனில் நியூட்டன் எறிந்து எடுத்த டச்டவுன் (ஆறு புள்ளி தரும் ஸ்கோர்) எட்டுதான். ஜோன்ஸோடு 2021-ல் அணி 10 வெற்றி, 7 தோல்வி என்று முடித்து பிளேஆஃபுக்கு (நாக்அவுட் சுற்று) போனது. மூன்று வருடத்துக்குள் ஜோன்ஸையும் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதைச் சொல்லி அந்த முடிவைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நான் சேர மாட்டேன், அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் சரியான முடிவுதான். 2020-ல் 35 வயது ஏட்ரியன் பீட்டர்சனை வாஷிங்டன் விலக்கியதும் அப்படித்தான். மூன்றாவது சுற்று ரூக்கி ஆன்டோனியோ கிப்சன் அந்த சீசனில் 11 டச்டவுன் ஓடினார். பீட்டர்சன் டெட்ராய்ட் போய் மரியாதையாகவே ஆடினார். இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை.

பட்டியலின் கடைசிப் பத்து இடங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு, ஸ்பெஷல் டீம்ஸ். பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் இறங்கும் குழு இது. நான்காவது லைன்பேக்கர் (தற்காப்பு வீரர்) வருடம் முழுக்க லைன்பேக்கராக ஆடாமலே போகலாம். ஆனால் ஒவ்வொரு பன்ட்டுக்கும் (பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்புவது) தலைதெறிக்க ஓடி ஆளைத் தடுக்க வேண்டும். பத்து வருடம் ஆடிய முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. 22 வயதுப் பையனுக்கு அதுதான் சோறு போடும் வேலை.

சரி, மீதிக் கோபம். 2003-ல் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள மறுத்த லாயர் மிலோயை, சீசனுக்கு ஐந்து நாள் இருக்கையில் பேட்ரியட்ஸ் விலக்கியது. அணித் தலைவர்களில் ஒருவர், முந்தைய சூப்பர் பௌல் (லீக்கின் இறுதிப் போட்டி) வெற்றியில் பங்கு உள்ளவர். அவர் பஃபலோ பில்ஸில் சேர்ந்தார். முதல் வாரமே பில்ஸ் 31-0 என்று பேட்ரியட்ஸை உரித்தது. உடைமாற்றும் அறையில் எவ்வளவு கசப்பு இருந்திருக்கும்! சேஃப்டி (பின்வரிசைத் தற்காப்பு) இடத்தில் ஆடியது இரண்டாவது சுற்று ரூக்கி யூஜீன் வில்சன். கடைசி வாரத்தில் அதே பில்ஸை அதே 31-0 கணக்கில் பேட்ரியட்ஸ் திருப்பி அடித்தது, 14-2 என்று முடித்து சூப்பர் பௌலையும் வென்றது.

முடிவு பலித்தது என்பதற்காக அந்த விதம் சரியாகிவிடுமா? மார்ச்சிலேயே விலக்கியிருந்தால் மிலோய்க்கு எல்லா அணியிலும் இடமும் பணமும் இருந்திருக்கும். செப்டம்பரில் பெரும்பாலான அணிகளின் கேப்பில் இடம் தீர்ந்துவிட்டிருக்கும். ரூக்கி தேறுவானா என்று பார்க்கும் வரை சீனியரைக் காப்பீடாக வைத்திருந்து, தேறியதும் அனுப்புவது அணிக்கு லாபம், அவருக்கு ஒரு வருட வருமானமே நஷ்டமாகலாம். எனக்கு ஆட்சேபம் அங்கேதான்.

உங்கள் வீரர் விஷயத்தில் முதல் வாரம் முடிந்து வரும் செவ்வாய், புதன் ஒப்பந்தச் செய்திகளைப் பாருங்கள். அதே அணிக்குத் திரும்பியிருந்தால் அது ஆரம்பத்திலிருந்தே பேசி வைத்த ஏற்பாடாக இருக்கலாம். அதற்குள் வேறு அணி அவரை அள்ளிக்கொண்டு போயிருந்தால், உங்கள் மேலாளர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று தாராளமாகத் திட்டலாம்.