சமையல் கேள்வி – பதில்: க்ரீம் சிக்கன் பாஸ்தா

கேள்வி: பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஞாயிறு இரவு க்ரீம் சிக்கன் பாஸ்தா செய்தேன். தக்காளியை வதக்கி, க்ரீமை ஊற்றி, நன்றாகக் கொதிக்க விட்டதும் சாஸ் திரிந்து நெய் தனியே மிதந்தது. கோழித் துண்டுகளும் இறுகிவிட்டன. வழவழப்பாக வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, ராயபுரம்

பதில்: திரிந்ததற்குக் காரணம் தக்காளியின் புளிப்பும் அடுப்பின் சூடும் ஒன்றுசேர்ந்ததுதான். புளிப்புப் பட்ட பாலின் புரதம், சூடு ஏறும்போது கட்டிகளாகத் திரண்டு கொழுப்பைக் கைவிட்டுவிடும். நம் மளிகைக் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பே இருப்பதால், 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள க்ரீமைப் போல அது கொதியைத் தாங்குவதில்லை. ஆகவே தக்காளியை விட்டுவிடுங்கள். க்ரீமைக் கடைசியில், தீயை மிகவும் குறைத்த பிறகே சேருங்கள்.

நான்கு பேருக்கு 300 கிராம் பென்னே பாஸ்தா போதும். 3 லிட்டர் தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும், 2 மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பிட்டு, பாஸ்தாவைப் போட்டுக் கிளறிவிடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம்; அது பாஸ்தாவின் மேல் படிந்து சாஸை ஒட்டவிடாமல் செய்யும். உறையில் குறிப்பிட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும். வடிக்கும் முன் ஒரு பெரிய டம்ளர் நிறைய அந்தக் கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிணைத்து நிறுத்துகிறது என்பதால், இந்த உணவில் க்ரீமைவிட முக்கியமானது அதுவே என்பேன்.

கோழி இறுகியதற்கு நீங்கள் வாங்கிய கறியும் ஒரு காரணமாக இருக்கலாம். எலும்பில்லாத கறி கேட்டால் கடைக்காரர் நெஞ்சுக்கறியைத்தான் வெட்டித் தருவார். கொழுப்பு குறைந்த அந்தக் கறி, சூடு சற்று மிஞ்சினாலும் வறண்டுவிடும். தொடைக்கறியை எலும்பு நீக்கித் தரச் சொல்லி 400 கிராம் வாங்குங்கள். துண்டுகளின் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, உப்பும் மிளகும் தடவி, அடிகனமான கடாயில் சிறிது எண்ணெயும் வெண்ணெயும் காய்ந்ததும், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் வீதம் சிவக்க விட்டு எடுத்துவிடுங்கள்.

கடாயைக் கழுவ வேண்டாம். அடியில் பிடித்திருக்கும் பழுப்பில்தான் சாஸின் ருசி இருக்கிறது. அதிலேயே ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயிட்டு, நறுக்கிய 8 பல் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி மைதாவைச் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கிளறி, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் (கொழுப்பு நிறைந்த பால்) 300 மில்லியைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் கெட்டிப்பட்டதும் கோழித் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே இளஞ்சிவப்பு மாறும்வரை வேகவிட்டு, தீயைக் குறைத்து 100 மில்லி க்ரீமையும் பாஸ்தாவையும் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரைத் தேவைக்கேற்ப விட்டுப் புரட்டுங்கள். அடுப்பை அணைத்த பின் ஒரு கைப்பிடி துருவிய சீஸ் சேர்த்தால் போதும். விலை உயர்ந்த இத்தாலியச் சீஸ் இல்லையே என்று வருந்த வேண்டாம். நம் ஊர்ப் பதப்படுத்திய சீஸ் திரியாமல் உருகும். சீஸிலும் பாஸ்தாத் தண்ணீரிலும் உப்பு இருப்பதால் கடைசியில் ருசி பார்த்தே உப்பிடுங்கள்.

கேள்வி: கணவர் துறைமுக வேலை முடிந்து வர இரவு பத்து மணியாகிவிடும். முன்கூட்டியே செய்து வைக்கலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: கலந்து வைத்தால் பாஸ்தா சாஸை உறிஞ்சிக்கொண்டே போய்க் கெட்டியாகிவிடும். கோழியுடன் கூடிய சாஸை மட்டும் செய்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் அதை 1 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைப்பது கூடாது. அவர் வந்த பிறகு பாஸ்தாவை வேகவைத்துக்கொண்டே, சாஸில் கொஞ்சம் பால் விட்டு, சிறுதீயில் நன்றாகச் சூடேற்றினால் அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு தயாராகிவிடும்.

கேள்வி: காரம் இல்லாவிட்டால் என் மாமியாருக்கு வாய்க்கு இறங்காது. கரம் மசாலா சேர்க்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம், பட்டையும் கிராம்பும் பாலின் மணத்தை அடக்கிவிடும். அதற்காகக் காரமே கூடாது என்பதில்லை. ரோம் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஃப்ரெடோ டி லெலியோ என்ற உணவகக்காரர் பரிமாறிய, இந்த உணவுக்கு மூலமான பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மேசான் சீஸும் மட்டுமே இருந்தன. க்ரீமும் கோழியும் அமெரிக்காவில் பிற்பாடு சேர்ந்தவை. அவரவர் வாய்க்கு ஏற்ப மாறிவந்த உணவில் நம் மிளகுக்கும் இடமுண்டு. பூண்டு வதக்கும்போது கொரகொரப்பாக இடித்த மிளகை ஒரு தேக்கரண்டி சேருங்கள். பர்மா பஜார் பக்கத்து அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளில் தூவுவதுபோல, பொரித்த பூண்டையும் இடித்த வற்றல் மிளகாயையும் மாமியார் தட்டில் மட்டும் மேலாகத் தூவிக் கொடுங்கள். பிள்ளைகளின் தட்டுக்கு மிளகாய்க் காரம் போகாது.