“என் கவனக்குறைவே காரணம்” என்று தம்பி எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. கோவை அருகே ஒரு நூற்பாலையில் ஒப்பந்ததாரர் மூலம் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். சம்பளம் 18,000 ரூபாய். மூன்று வாரங்களுக்கு முன் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுக்கும்) இயந்திரத்தின் மின் பேனலில் கான்டாக்டர் என்ற சுவிட்ச் சாதனத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் தெரியாமல் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். கருகிப்போன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இ.எஸ்.ஐ. பதிவும் இல்லை. “பூட்டுப் போடாமல் வேலை செய்தது என் கவனக்குறைவு” என்று எழுதிக் கொடுத்தால் 50,000 ரூபாய் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பூட்டை அவருக்கு யாராவது கொடுத்தார்களா? மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ஆள் வேலை செய்கிறார்” என்று பலகை மாட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகே பேனலில் கை வைக்க வேண்டும். இதற்கான பூட்டு, பலகை, பயிற்சி, ஷிப்ட் மாறும்போது தகவல் சொல்லும் முறை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. எதையும் செய்யாமல், விரல் போனவரிடமே பழியை எழுதி வாங்குவது அநியாயம்.

அவர் ஒரு விதியை மீறியிருந்தாலும், ஆலையின் வேலைக்காகச் செய்தபோது நேர்ந்த விபத்து என்பதால் இ.எஸ்.ஐ. உரிமை போகாது. பதிவு செய்யாததும் அவர் குற்றமல்ல. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே விபத்துப் பாதுகாப்புக்கு உரியவர். இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு வேலையளித்தவரிடம் வசூலித்துக்கொள்ளும். ஒப்பந்ததாரர் கைவிரித்தாலும் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் ஆலை தப்ப முடியாது.

கணக்கையும் பாருங்கள். குணமாகும்வரை சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். அதன்பின் மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிடும். ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் சட்ட அட்டவணைப்படி 20 சதவீத இழப்பு. அப்படியானால் அந்த 90 சதவீதத் தொகையில் 20 சதவீதம், அதாவது மாதம் ஏறத்தாழ 3,240 ரூபாய், ஆயுள் முழுவதும். அவர்கள் நீட்டும் 50,000 பதினாறு மாதப் பணம்கூட இல்லை.

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடமை தவறிப் பலத்த காயம் ஏற்படுத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் காயம்பட்டவருக்கே தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆலையின் கேமராப் பதிவு நாளாக ஆக அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி உடனே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், உடன் வேலை செய்தவர்களின் பெயர்களைத் திரட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன், முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கிப் படியுங்கள். “வீட்டில் ஷாக் அடித்தது” என்று உடன் வந்தவர்கள் எழுத வைத்திருந்தால், திருத்தக் கோரி எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.